டயர் மாற்றும் முன்: அறிகுறியை வைத்துக் காரணத்தைப் பிடிப்பது எப்படி?

கார் டயர் தானாகக் கெட்டுப்போவது அபூர்வம். காற்று குறைவாக ஓடியிருக்கும், அலைன்மென்ட் (சக்கரங்கள் நிற்கும் கோணம்) விலகியிருக்கும், ஷாக் அப்சார்பர் செத்திருக்கும், எங்கோ ஒரு பள்ளத்தில் இடி வாங்கியிருக்கும். எதுவானாலும் கடைசியில் பழி விழுவது டயர் மேல்தான். கடைக்காரர் “பட்டன் போயிடுச்சு சார், நாலையும் மாத்திடலாம்” என்பார். (பட்டன் என்பது சாலையைத் தொடும் பகுதியில் இருக்கும் ரப்பர் கட்டங்கள்.) மாற்றிக்கொண்டு வந்துவிடுவோம். காரணம் வண்டியிலேயே இருப்பதால் புது டயரும் அதே இடத்தில் தேய ஆரம்பிக்கும். அதனால் பர்ஸைத் திறக்கும் முன் ஐந்து நிமிடம் குனிந்து டயரைப் பார்த்துவிடுவது லாபம். நம் ஊர் வெயிலையும் சாலையையும், நம்மில் பெரும்பாலோர் ஓட்டும் ஹேட்ச்பேக், சிறிய செடான் வகை வண்டிகளையும் மனதில் வைத்து இதை எழுதியிருக்கிறேன்.

எந்த அறிகுறியானாலும் முதலில் காற்று

டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் கதவுத் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். சில வண்டிகளில் அது பெட்ரோல் டேங்க் மூடியின் உட்புறம் இருக்கும். முன்னால் எவ்வளவு, பின்னால் எவ்வளவு, ஆள் குறைவாக இருந்தால் எவ்வளவு, முழு லோடுக்கு எவ்வளவு என்று அதில் போட்டிருப்பார்கள். உங்கள் வண்டிக்கு அந்த எண்தான் சரி. டயரின் பக்கவாட்டில் ‘மேக்ஸ்’ என்று பொறித்திருப்பது அந்த டயர் தாங்கக்கூடிய உச்சவரம்பு. அதைப் பார்த்துக் காற்றடிக்கக் கூடாது.

ஸ்டிக்கர் சொல்வது குளிர்ந்த டயரின் கணக்கு. வண்டி மூன்று மணி நேரமாவது நின்றிருக்க வேண்டும், அல்லது ஓரிரு கிலோமீட்டருக்கு மேல் ஓடாமல் இருக்க வேண்டும். காலையில் சென்னையில் 33 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அளவு) வைத்துக் கிளம்பி, கத்திரி வெயிலில் விழுப்புரம் தாண்டி ஒரு பங்க்கில் பார்த்தால் 37 காட்டும். அது இயல்பு. டயரின் உள்ளே சுமார் 6 டிகிரி வெப்பம் கூடினால் 1 பி.எஸ்.ஐ. ஏறும். அந்த ஏற்றத்தையும் கணக்கில் வைத்துத்தான் ஸ்டிக்கர் எண்ணைக் கொடுத்திருக்கிறார்கள். “ஜாஸ்தியா இருக்கு, இறக்கிடவா சார்?” என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

இதோடு ஒட்டிய இன்னொரு பேச்சு, “வெயில் காலம், ரெண்டு பாயின்ட் கம்மியாவே வைங்க, இல்லாட்டி வெடிச்சிடும்.” நான் கேட்ட டயர் யோசனைகளிலேயே மோசமானது இதுதான். காற்று குறைந்தால் டயரின் சைடு வால் (பக்கச்சுவர்) ஒவ்வொரு சுற்றிலும் கூடுதலாக மடங்கி நிமிரும். சூடு பிறப்பதே அந்த மடிப்பில்தான். நூறு கிலோமீட்டர் வேகமும், ஐந்து பேரும், டிக்கி நிறையப் பெட்டியும் சேர்ந்தால் அந்தச் சூட்டில் டயரின் உள்அடுக்குகள் பிரிந்து வெடிக்கும். கோடையில் ஊருக்குக் கிளம்பும்போது செய்ய வேண்டியது நேர் எதிரானது. ஸ்டிக்கரில் முழு லோடுக்கு என்று போட்டிருக்கும் எண்ணுக்கு, காலையில், குளிர்ந்த டயரில் நிரப்புங்கள்.

மலை ஏறுபவர்களுக்கு ஒரு தகவல். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்குப் போனால் குளிரில் டயரின் காற்றழுத்தம் இரண்டு மூன்று பி.எஸ்.ஐ. குறையும். அதே நேரம் 2,240 மீட்டர் உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தமும் குறைவதால் கேஜ் (காற்று பார்க்கும் மீட்டர்) ஏறக்குறைய அதே அளவு கூட்டிக் காட்டும். ஒன்றுக்கொன்று சரியாகிவிடுவதால் மேலே போய் எதையும் திருத்த வேண்டாம்.

சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஒரு கை கேஜ் வாங்கி டேஷ்போர்டுப் பெட்டியில் போட்டுவையுங்கள். பங்க்குக்குப் பங்க் மீட்டர் வித்தியாசமாகக் காட்டும். எப்போதும் ஒரே கேஜில் பார்த்தால்தான் எந்த டயர் இறங்குகிறது என்பது தெரியும். நைட்ரஜன்? சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். இலவசமாகக் கிடைத்தால் அடித்துக்கொள்ளுங்கள், ஆனால் மாதம் ஒருமுறை காற்றுப் பார்ப்பதற்கு அது மாற்று ஆகாது. நைட்ரஜன் இருக்கும் டயரில் அவசரத்துக்குச் சாதாரணக் காற்றைச் சேர்த்தாலும் ஒன்றும் ஆகிவிடாது.

வண்டியை அதோடு நிறுத்த வேண்டிய அறிகுறிகள்

சைடு வாலில் ஓர் இடம் மட்டும் புடைத்துக்கொண்டு நிற்கிறதா? பள்ளத்திலோ சென்டர் மீடியன் கல்லிலோ அடிபட்டு உள்ளே இருக்கும் நூல்கள் அறுந்திருக்கின்றன. அந்த இடத்தில் காற்றைத் தாங்கிக்கொண்டிருப்பது வெறும் ரப்பர் மட்டும்தான். இதற்கு ஒட்டும் கிடையாது, பேட்சும் கிடையாது. ஸ்டெப்னி மாட்டி டயரை மாற்றுங்கள். “புடைப்பு சின்னதுதான், ஆறு மாசம் ஓடும்” என்பவர் உங்களோடு வண்டியில் வரப்போவதில்லை.

ரப்பர் தேய்ந்து உள்ளே கம்பி தெரிவது, சைடு வாலில் நூல் தெரியும் அளவுக்கு வெட்டு விழுவது, மெதுவாகப் போகும்போதே வண்டி ஆடி ஆடி நகர்வது, இவையும் இதே ரகம்.

காற்றே இல்லாமல் கொஞ்ச தூரம் ஓடிவிட்ட டயரும் இதில் சேரும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. டயரை ரிம்மிலிருந்து கழற்றச் சொல்லி உள்ளே கையை விட்டுப் பாருங்கள். கறுப்பாக ரப்பர் தூள் கையில் ஒட்டினால், உள்சுவரில் வட்டமாக ஒரு தேய்ந்த கோடு தெரிந்தால், ரிம்முக்கும் சாலைக்கும் நடுவில் சைடு வால் அரைபட்டிருக்கிறது என்று பொருள். பஞ்சரை எவ்வளவு நன்றாக ஒட்டினாலும் அந்த டயரை நம்பி நெடுஞ்சாலைக்குப் போகாதீர்கள்.

அறிகுறி: ஒரே டயரில் அடிக்கடி காற்று இறங்குகிறது

நான்கு டயரிலும் மாதத்துக்கு ஒன்றிரண்டு பி.எஸ்.ஐ. குறைவது சகஜம். ஒன்றில் மட்டும் வாரத்துக்கு ஐந்து ஆறு குறைந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது. தேட வேண்டிய இடங்கள் நான்கு.

முதலில் பட்டன் பகுதி. ஆணி ஏறியிருந்தால் அதைப் பிடுங்கிவிடாதீர்கள். டியூப்லெஸ் டயரில் அந்த ஆணியே ஓரளவுக்கு ஓட்டையை அடைத்துக்கொண்டிருக்கும். காற்றை நிரப்பிக்கொண்டு அப்படியே மெதுவாகக் கடைக்குப் போங்கள்.

இரண்டாவது, வால்வு. மூடியைக் கழற்றி வால்வின் வாயில் ஒரு சொட்டு சோப்புத் தண்ணீர் விடுங்கள். குமிழ் பெரிதாகிக்கொண்டே வந்தால் உள்ளே இருக்கும் வால்வு பின் லூசாகவோ கெட்டுப்போயோ இருக்கிறது. பின்னை மாற்றினால் தீர்ந்தது. பிறகு வால்வின் ரப்பர் தண்டை ஒரு பக்கமாக மெல்ல வளைத்துப் பாருங்கள். அடியில் வெடிப்புத் தெரிந்தாலோ, வளைக்கும்போது மட்டும் குமிழ் வந்தாலோ வால்வையே மாற்ற வேண்டும். டயரைக் கழற்றித்தான் மாற்ற முடியும் என்பதால் பல கடைகளில் இதைப் பார்ப்பதே இல்லை. அதனால்தான் டயர் மாற்றும்போதே ரப்பர் வால்வையும் புதிதாகப் போடச் சொல்வார்கள்.

மூன்றாவது, டயர் ரிம்மோடு உட்காரும் விளிம்பு. பழைய வண்டிகளிலும், கடலோரத்தில் ஓடும் வண்டிகளிலும் இதுதான் முக்கியக் குற்றவாளி. எங்கள் தெருமுனைப் பஞ்சர் கடை அண்ணன் ஒருமுறை டயரைத் தொட்டியில் முக்கி ஒரு சுற்று சுற்றிவிட்டு, “பஞ்சரே இல்ல சார், இங்க பாருங்க” என்று விளிம்பைக் காட்டினார். ஒரு சாண் நீளத்துக்குக் கடுகு அளவுக் குமிழ்கள் வரிசையாக ஏறிக்கொண்டிருந்தன. டயரைக் கழற்றியபோது ரிம்மின் அந்தப் பகுதி துருப்பிடித்துச் செதில் செதிலாக நின்றது. ஒயர் பிரஷ்ஷால் தேய்த்து, சீலர் தடவி மாட்டியதும் நின்றுவிட்டது. அதே டயருக்கு அதற்கு முன் வேறொரு கடையில் பஞ்சர் ஒட்டிக் காசும் வாங்கியிருந்தார்கள்.

நான்காவது, ரிம்மே வளைந்திருப்பது. அலாய் வீல் என்றால் மெல்லிய விரிசல்கூட இருக்கலாம். வளைவை ஓரளவு நிமிர்த்தலாம். விரிசல் விட்ட அலாயை வெல்டிங் வைத்து ஓட்டுவது எனக்குச் சம்மதமில்லை.

பஞ்சர் ஒட்டும் முறையில் ஒரு வார்த்தை. வெளியிலிருந்தே ஊசியால் செருகும் ஸ்ட்ரிப் வழியில் அவசரத்துக்கு நல்லது. நிரந்தரத்துக்கு, டயரைக் கழற்றி உள்ளிருந்து போடும் மஷ்ரூம் பேட்ச்தான் சரி. ஓட்டையையும் அடைக்கும், உள்பக்கமும் ஒட்டிக்கொள்ளும், கழற்றும் சாக்கில் உள்ளே பார்த்துக்கொள்ளவும் முடியும். இரண்டுமே பட்டன் பகுதிக்கு மட்டும், அதுவும் ஓட்டை 6 மி.மீ.க்குள் இருந்தால். பட்டனும் சைடு வாலும் சேரும் தோள்பட்டை ஓரத்திலும் சைடு வாலிலும் ஒட்டக் கூடாது. “உள்ளே ஒரு டியூப் போட்டுடலாம்” என்பார்கள். டியூப்லெஸ் டயரின் உட்புறம் டியூபுக்காகச் செய்யப்பட்டதல்ல. டியூப் உரசிச் சூடாகும். டியூப்லெஸ் டயரில் காற்று மெதுவாக இறங்கும் என்ற பெரிய பாதுகாப்பும் போய்விடும், டியூப் கிழிந்தால் நொடியில் தரையோடு உட்காரும்.

அறிகுறி: டயர் ஒரே சீராகத் தேயவில்லை

வண்டி நிற்கும்போது ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுதாகத் திருப்பி வைத்தால் முன் டயரின் முகம் முழுதும் தெரியும். பின் டயருக்கு மொபைல் டார்ச் எடுத்துக் குனியத்தான் வேண்டும். உள்ஓரத்தைப் பார்க்க மறக்காதீர்கள். வெளியே நன்றாகத் தெரியும் டயர் உள்ஓரத்தில் மொட்டையாக இருப்பது நிறைய வண்டிகளில் நடக்கிற கதை.

நடுப்பகுதி நன்றாக இருந்து இரண்டு ஓரமும் தேய்ந்திருந்தால் காற்று குறைவாக ஓடியிருக்கிறது. நடு மட்டும் தேய்ந்திருந்தால் காற்று அதிகம். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் தினமும் ஏறி இறங்கும் வண்டி என்றால் காற்று சரியாக இருந்தாலும் ஓரங்கள் சீக்கிரம் தேயும். அதற்குப் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது.

ஒரு ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் அலைன்மென்ட். அதிலும் எது என்று கையாலேயே ஓரளவு கண்டுபிடிக்கலாம். பட்டன்களின் மேல் உள்ளங்கையை வெளியிலிருந்து உள்ளே ஒருமுறை தடவுங்கள், பிறகு உள்ளிருந்து வெளியே. ஒரு திசையில் வழவழவென்றும் மறு திசையில் ரம்பப் பல் மாதிரி சுரண்டியும் இருந்தால் ‘டோ’ தவறியிருக்கிறது, அதாவது இரண்டு சக்கரமும் நேராக உருளாமல் கொஞ்சம் கோணலாக இழுபட்டு ஓடுகிறது. தடவினால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்து, ஒரு ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் ‘கேம்பர்’ (முன்னாலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ சாய்ந்திருப்பது) பக்கம் சந்தேகம் போக வேண்டும். உள்கையில் சுருக்கென்று ஏதாவது குத்தினால் கம்பி வெளியே வர ஆரம்பித்துவிட்டது என்று பொருள், கையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அலைன்மென்ட் கடையில் காசு வீணாவது இந்தக் கேம்பரில்தான். நம் சிறிய கார்களில் பெரும்பாலானவற்றில் முன்பக்க ‘டோ’ ஒன்றைத்தான் திருகித் திருத்த முடியும். கேம்பருக்குத் திருகும் வசதியே இருக்காது. எனவே கம்ப்யூட்டர் திரையில் கேம்பர் சிவப்பாகத் தெரிந்தால் ஏதோ ஒரு பாகம் வளைந்திருக்கிறது, அல்லது ஒரு புஷ் (பாகங்கள் இணையும் இடத்தில் இருக்கும் ரப்பர் வளையம்) கெட்டிருக்கிறது என்று பொருள். லோயர் ஆர்ம், அதன் புஷ், பால் ஜாயின்ட், டை ராட் எண்ட், ஸ்ட்ரட் எனச் சக்கரத்தைப் பிடித்திருக்கும் பாகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக் கெட்டதை மாற்ற வேண்டும். சில கடைகளில் ஹைட்ராலிக் ஜாக்கி கொடுத்து ஸ்ட்ரட்டை வளைத்து “கேம்பர் சரி பண்ணியாச்சு” என்பார்கள். அதற்குச் சம்மதிக்காதீர்கள். திருத்துவதற்கு முன், பின் இரண்டு அளவும் இருக்கும் பிரிண்ட் கேட்டு வாங்குங்கள். கேட்கிற ஆள் என்று தெரிந்தாலே வேலை ஒழுங்காக நடக்கும். பேச்சோடு பேச்சாக இன்னொன்று: புஷ் ஆடிக்கொண்டிருக்கும் வண்டிக்கு அலைன்மென்ட் செய்தால், கடை வாசல் தாண்டும் முன் விலகிவிடும்.

வட்டம் முழுக்க மேடும் பள்ளமுமாக, விட்டு விட்டுத் தேய்ந்திருந்தால் ஷாக் அப்சார்பர் வலுவிழந்திருக்கிறது, அல்லது பேலன்சிங் (சக்கரத்தின் எடைச் சமநிலை) போயிருக்கிறது. சக்கரம் தரையில் பதியாமல் துள்ளித் துள்ளி ஓடியதன் தழும்பு அது. முன்சக்கர இழுவை வண்டிகளில் லேசான பின்பக்கத்தில் இது அடிக்கடி வரும். ஒரே ஓர் இடம் மட்டும் சப்பையாக இருந்தால் எப்போதோ சக்கரம் பூட்டிக்கொள்கிற மாதிரி பிரேக் அடித்திருக்கிறீர்கள். வாரக்கணக்கில் நின்ற வண்டியில் வரும் சப்பை வேறு, அது பெரும்பாலும் இருபது கிலோமீட்டர் ஓடினால் சரியாகிவிடும்.

காரணத்தைத் தீர்த்த பிறகு டயர்களை இடம் மாற்றுங்கள். முன்சக்கர இழுவை வண்டியில் முன் டயர்கள் நேராகப் பின்னால் போகும், பின் டயர்கள் இடம் வலம் மாறி முன்னால் வரும். ஒரு திசையில் மட்டும் சுழல வேண்டிய டயர் என்றால் அதே பக்கத்தில் முன் பின் மட்டும் மாற்றலாம். எட்டாயிரத்திலிருந்து பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை இதைச் செய்தால் நான்கும் ஒன்றுபோலத் தேயும்.

அறிகுறி: ஸ்டியரிங் நடுங்குகிறது

எந்த வேகத்தில், எப்போது என்பதுதான் விடை.

80 தாண்டியதும் தொடங்கி, 110 வாக்கில் குறைந்துவிடுகிற நடுக்கம் பேலன்சிங். ஸ்டியரிங்கில் தெரிந்தால் முன் சக்கரம், சீட்டிலும் தரையிலும் தெரிந்தால் பின் சக்கரம். கடைக்குப் போகும் முன் ரிம்மின் உட்புறம் பாருங்கள். மழைக்காலத்தில் மண் ரோட்டில் ஓடிய வண்டியில் கட்டி கட்டியாகச் சேறு காய்ந்து ஒட்டியிருக்கும். அதைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவினாலே பாதிப் பேருக்கு நடுக்கம் நின்றுவிடும். சேறு இல்லை, பேலன்சிங்குக்காக ரிம்மில் வைத்த சின்ன வெயிட் ஒட்டியிருந்த இடத்தில் பசையின் அடையாளம் மட்டும் இருக்கிறது என்றால் வெயிட் விழுந்துவிட்டது.

பேலன்சிங் செய்தும் நிற்கவில்லை என்றால் மெஷினில் சக்கரம் சுற்றும்போது பக்கத்தில் நின்று ரிம்மின் விளிம்பைப் பாருங்கள். ரிம் வளைந்திருந்தால் கண்ணுக்கே தெரியும். 

பிரேக் மிதிக்கும்போது மட்டும் நடுங்கினால் டயரை விட்டுவிடுங்கள், அது பிரேக் டிஸ்க். 30, 40 வேகத்திலேயே வண்டி அன்னநடை போட்டால் டயரின் உள்ளே இருக்கும் கம்பி அடுக்கு (பெல்ட்) பிரிய ஆரம்பித்திருக்கலாம். பட்டன் பகுதியில் எங்காவது மேடு தட்டுகிறதா என்று பார்த்து, இருந்தால் உடனே கழற்றுங்கள்.

அறிகுறி: வண்டி ஒரு பக்கம் இழுக்கிறது

மழைநீர் வடிவதற்காக நம் சாலைகள் ஓரத்தை நோக்கிச் சரிவாக இருக்கும். இடது பக்கம் ஓட்டுவதால் கையை எடுத்தால் லேசாக இடப்பக்கம் போவது குறை அல்ல. நான்குவழிச் சாலையில் வண்டி குறைவான நேரம் பார்த்து, வலது லேனிலும் ஒருமுறை சோதித்துப் பாருங்கள்.

உண்மையிலேயே இழுத்தால், காற்று சரி என்று உறுதி செய்துகொண்டு முன் டயர்கள் இரண்டையும் இடம் வலம் மாற்றுங்கள் (ஒருதிசை டயராக இல்லாவிட்டால்). இழுப்பும் பக்கம் மாறினால் குற்றம் டயரில். மாறாமல் அப்படியே இருந்தால் அலைன்மென்ட் அல்லது பிரேக். பிரேக்கா என்று பார்க்க, அதிகம் பிரேக் போடாமல் பத்து கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தி, ரிம்மைத் தொடாமல் கையை அருகில் கொண்டுபோய்ச் சூடு பாருங்கள். ஒன்று மட்டும் தகதகவென்று இருந்தால் அந்தச் சக்கரத்தில் பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. டயர் கடைக்கு முன் மெக்கானிக்கிடம் போங்கள்.

அறிகுறி: உறுமல் சத்தம்

வேகத்தோடு ஏறும் ‘ஊ’ என்ற சத்தம் டயரிலிருந்தும் வரும், வீல் பேரிங்கிலிருந்தும் வரும். நீண்ட வளைவில் சத்தம் கூடிக் குறைந்தால் பேரிங். சாலையின் மேற்பரப்பு தாரிலிருந்து கான்கிரீட்டுக்கு மாறும்போது சத்தமும் மாறினால் டயர். மெதுவாகப் போகும்போது டிக் டிக் என்று கேட்டால் பட்டன் இடுக்கில் கல் சிக்கியிருக்கும், அல்லது ஆணி. இறங்கிப் பார்த்துவிடுங்கள்.

அறிகுறி: மழையில் பிடி இல்லை

பட்டன்களின் இடுக்கில் குறுக்கே சின்னதாக ஒரு மேடு இருக்கும். ஓரத்தில் சிறு முக்கோணமோ ‘டி.டபிள்யூ.ஐ.’ என்ற எழுத்தோ அந்த மேடு இருக்கும் இடத்தைக் காட்டும். பட்டன் தேய்ந்து அந்த மேட்டோடு சமமானால் மிச்சம் 1.6 மி.மீ. இந்தியச் சட்டப்படி காருக்கு அதுதான் கடைசி எல்லை. சட்டம் அனுமதிக்கிறது என்பதற்காக அதுவரை ஓட்ட வேண்டுமென்பதில்லை. வடகிழக்குப் பருவமழையில் சென்னைப் பக்கம் சாலையில் தேங்கும் தண்ணீரை அந்த ஆழத்தால் வெளியே தள்ள முடியாது. டயர் தண்ணீரின் மேல் மிதந்து, ஸ்டியரிங் திடீரென்று கனமில்லாமல் போகும். 3 மி.மீ. வந்ததுமே மழைக்கு முன் மாற்றிவிடுவது என் கட்சி. அப்படி மிதக்க நேர்ந்தால் பிரேக்கை அழுத்தாமல், ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்திருங்கள்.

அறிகுறி: டேஷ்போர்டில் டயர் காற்றுக்கான மஞ்சள் விளக்கு

நிலையாக எரிந்தால் ஏதோ ஒரு டயரில் காற்று குறைவு. வண்டியைக் கிளப்பியதும் ஒரு நிமிடம் போல மின்னிவிட்டு அப்புறம் நிலையாக எரிந்தால் சென்சாரிலேயே கோளாறு. சில வண்டிகள் சக்கரம் சுற்றும் வேகத்தை வைத்துக் காற்றைக் கணிக்கின்றன. அவற்றில் காற்றடித்த பிறகு நீங்களே ரீசெட் செய்தால்தான் விளக்கு அணையும்.

அறிகுறி: பட்டன் நிறைய இருக்கிறது, ஆனால் வெடிப்பு விட்டிருக்கிறது

வருடத்துக்கு மூவாயிரம் நாலாயிரம் கிலோமீட்டர் மட்டும் ஓடும் வண்டிகளின் வியாதி இது. ரப்பர் ஓடாமல் நின்றாலும் வயதாகும். வெயிலில் நின்றால் இன்னும் வேகமாக. சைடு வாலில் ‘டாட்’ (DOT) என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு எண்ணைப் பாருங்கள். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் தயாரானது. அந்த எண் ஒரு பக்கத்தில் மட்டும் இருக்கும், வெளிப்பக்கம் காணவில்லை என்றால் உள்பக்கம் பாருங்கள். ஐந்து வருடம் ஆனதும் ஆண்டுக்கொருமுறை விவரம் தெரிந்தவரிடம் காட்டுங்கள். ஆறு, ஏழு வருடம் ஆகி வெடிப்பும் விட்டிருந்தால் நம் ஊர் வெயிலுக்கு மாற்றிவிடுவதே நல்லது. பத்து வருடம் ஆகிவிட்டால் பட்டன் புதிதுபோல இருந்தாலும் போடக் கூடாது. ஸ்டெப்னியின் தேதியையும் அப்படியே பார்த்துவிடுங்கள். வண்டி வாங்கிய நாள் முதல் தொடாத டயர் அதுதான்.

பளபளப்புக்காகத் தடவும் எண்ணெய்ப் பசை பாலிஷும், டீசல் வைத்துத் துடைப்பதும் ரப்பருக்கு ஆகாது. சோப்புத் தண்ணீர் போதும்.

மாற்றுவதுதான் முடிவு என்றால்

சைடு வாலில் 185/65 ஆர்15 88எச் என்றிருந்தால், அகலம் 185 மி.மீ., பக்கவாட்டு உயரம் அதில் 65 சதவீதம், ரேடியல், 15 அங்குல ரிம். 88 என்பது ஒரு டயர் 560 கிலோ தாங்கும் என்பதன் குறியீடு. எச் என்றால் மணிக்கு 210 கி.மீ. வரை தாங்கும். எடைக் குறியீடும் வேகக் குறியீடும் பழையதைவிடக் குறையக் கூடாது.

“கொஞ்சம் அகலமா போட்டா லுக்கு” என்ற ஆசை எல்லோருக்கும் வரும். மொத்த விட்டத்தைக் கணக்குப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். மாருதி ஸ்விஃப்டின் கீழ் வேரியன்ட்களில் வரும் 165/80 ஆர்14, மேல் வேரியன்ட்களில் வரும் 185/65 ஆர்15 இரண்டையும் போட்டுப் பாருங்கள். முதலாவது 620 மி.மீ., இரண்டாவது 621.5 மி.மீ. ரிம் பெரிதாகியும் விட்டம் அசையவில்லை. அதே 15 ரிம்மில் 205/65 போட்டால் விட்டம் 647.5 ஆகிவிடும், நான்கு சதவீதம் அதிகம். ஸ்பீடோமீட்டர் குறைத்துக் காட்டும், முழுதாகத் திருப்பினால் உரசும், மைலேஜும் இறங்கும்.

இரண்டு மட்டும் வாங்கினால் புதியவை பின்னால். முன்னால் போடத்தான் எல்லோரும் சொல்வார்கள், இழுப்பது முன் சக்கரம் என்பதால். ஆனால் ஈரச் சாலையில் பின்பக்கம் வழுக்கினால் வண்டி சுழன்றுவிடும், சாதாரண ஓட்டுநரால் அதை மீட்க முடியாது. முன்பக்கம் வழுக்கினால் வேகத்தைக் குறைத்தே சமாளிக்கலாம். ஒரே அச்சில் இரண்டு விதமான டயர் போடாதீர்கள்.

கடையில், டயர் மாட்டும் முன் ஐ.எஸ்.ஐ. முத்திரையையும் தேதி எண்ணையும் பாருங்கள். ஆறு மாதத்துக்குள் தயாரானது என்றால் நல்லது. ஒன்றரை வருடம் பழையதைத் தள்ளுபடி என்று கொடுத்தால் வேறு கேளுங்கள். மாட்டும்போது, ‘அவுட்சைடு’ என்று எழுதியிருக்கும் பக்கம் வெளியே வருகிறதா, அம்புக்குறி இருந்தால் முன்னோக்கிச் சுழலும் திசையில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பையன் அவசரத்தில் மாற்றி மாட்டுவது உண்டு. பழைய டயரை எடுத்துக்கொள்ள எவ்வளவு கழிப்பார்கள் என்று பில் போடும் முன்பே பேசிவிடுங்கள்.

வீல் நட்டைக் காற்று கன்னால் ‘டர்ர்’ என்று ஒரே மூச்சில் இறுக்கிவிடுவார்கள். கையால் திருகி உட்காரவைத்து, எதிரெதிராக, கடைசியில் டார்க் ரெஞ்சால் (குறித்த அளவுக்கு இறுக்க உதவும் ஸ்பேனர்) இறுக்கச் சொல்லுங்கள். பல சிறிய கார்களுக்கு 100 நியூட்டன் மீட்டரை ஒட்டித்தான் அளவு இருக்கும், சரியான எண் வண்டியின் கையேட்டில் இருக்கிறது. அளவுக்கு மீறி இறுக்கினால் நடுரோட்டில் பஞ்சர் ஆகும் நாளில் வண்டியோடு வந்த ஸ்பேனரின் மேல் ஏறி நின்றாலும் நட்டு அசையாது. ஐம்பதிலிருந்து நூறு கிலோமீட்டர் ஓடியதும் நட்டுகளை ஒருமுறை மறுபடி சரிபாருங்கள். புது டயரின் மேல்தோல் வழவழப்பாக இருக்கும், முதல் சில நூறு கிலோமீட்டருக்கு நிதானமாக ஓட்டுங்கள்.

கழற்றிய நான்கில் சுமாராக இருப்பதை ஸ்டெப்னிக்கு வைக்கலாமா என்று கேட்பார்கள். தேதி எண் அனுமதித்தால் வைக்கலாம். வண்டியோடு வந்த ஸ்டெப்னி அளவில் சிறியதாக இருந்து, அதன் மேல் 80 கி.மீ. என்று ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் அந்த வேகத்தைத் தாண்டாமல் பஞ்சர் கடை வரை மட்டும் ஓட்டுங்கள். 2020இல் வந்த விதித் திருத்தத்துக்குப் பிறகு, பஞ்சர் கிட்டும் காற்றுக் கண்காணிப்பு வசதியும் இருக்கும் கார்களுக்கு ஸ்டெப்னி கட்டாயமில்லை. அப்படிப்பட்ட வண்டி என்றால் கிட்டில் இருக்கும் சீலன்ட் பாட்டிலின் காலாவதித் தேதியை டிக்கியைத் திறந்து இன்றே பார்த்துவிடுங்கள்.